நீல அறையில் பத்து நிமிடம்

அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்குள் கால் வைத்ததும் நீல அறை டீச்சருக்கு ஆங்கிலம் மறந்துபோகும். காலை ஏழே முக்காலுக்கு மறந்தால், மாலை நாலு மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் திரும்ப வரும். இடையில் யார் ஆங்கிலத்தில் என்ன கேட்டாலும், கட்டடம் தீப்பிடித்து எரிகிறது என்று கத்தினாலும்கூட, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "என்ன சொல்றீங்க? தமிழ்ல சொல்லுங்களேன்" என்பாள். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் இரண்டு வருடமாக இப்படிக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இது அவளுடைய மறதி அல்ல, பள்ளிக்கூடத்தின் ஏற்பாடு. இரண்டாம் வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள். மதியச் சாப்பாடு வரைக்கும் மஞ்சள் அறையில் ஆங்கிலத்தில் படிப்பார்கள். சாப்பிட்டு, கை கழுவி, வராந்தாவைக் கடந்து நீல அறைக்கு வந்துவிட்டால் கணக்கு, அறிவியல், கதை, சண்டை எல்லாம் தமிழில். ஓர் ஆசிரியைக்கு ஒரு மொழிதான். வகுப்பில் மட்டுமல்ல, வராந்தாவில், சாப்பாட்டு ஹாலில், விளையாட்டுத் திடலில், கழிவறை வாசலில், எங்கேயும் அப்படித்தான். இதைக் கொண்டுவந்த பழைய பிரின்சிபால் அம்மாள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். குழந்தைகள் படு கெட்டிக்காரர்கள், எது சுலபமோ அதைத்தான் செய்வார்கள் என்று அவர் சொல்வார். டீச்சருக்கு ஆங்கிலம் புரியும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் எந்தக் குழந்தை மெனக்கெட்டுத் தமிழில் வாயைத் திறக்கும்?

மஞ்சள் அறை டீச்சருக்கும் இதே கூத்துதான், தலைகீழாக. அவள் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் போடும் சண்டை மூன்று மாடிக்குக் கேட்கும். ஆனால் பள்ளிக்குள் ஒரு தமிழ் வார்த்தை அவள் காதில் விழாது. குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீல அறை டீச்சருக்கு அவளிடமிருந்து ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் இவள் தமிழில் கேட்பாள், அவள் கையை விரிப்பாள், இவள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டுவாள், அவள் ஆங்கிலத்தில் கத்தரிக்கோலா என்பாள். கடைசியில் ஒரு குழந்தை குறுக்கே வந்து, பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சொல்லி ஸ்டேப்ளரை வாங்கிக் கொடுக்கும். நாலு மணிக்கு மேல் பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. நீல அறை டீச்சருக்கு நிஜமாகவே ஆங்கிலம் தெரியாது என்று பெற்றோர்கள் நம்பிவிட்டார்கள். கேட்டருகே அவள் குழந்தைகளைப் பெயர் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது, அவள் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டே, நல்ல பெண்தான், பாவம், படிப்புதான் போதாது என்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். அவள் அசையாமல் சிரித்த முகமாக நிற்பாள். காது மடல் சூடாவது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மஞ்சள் அறை டீச்சருக்குத் தமிழ் தெரியாது என்றும் அவர்கள் நம்பினார்கள். ஆனால் அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. சொல்லப்போனால் அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூன்றாம் பருவம் தொடங்கிய வாரத்தில் புது பிரின்சிபால் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. யாராவது சத்தமாகப் பேசினால் அவர் சொல்வதே சரி என்று நினைத்துவிடுகிறவர், அவ்வளவுதான்.

"டீச்சர், பதினாலு பேரண்ட்ஸ் கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்திருக்காங்க. இங்கிலீஷே தெரியாதவங்ககிட்ட பிள்ளைங்க கணக்கும் அறிவியலும் எப்படிப் படிக்கும்னு கேக்குறாங்க."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமே சார். என் ஃபைல்லயே இருக்கு."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அவங்களுக்குத் தெரியணும். வர்ற புதன்கிழமை ஓப்பன் கிளாஸ். எல்லாரும் வந்து பின்னாடி உக்காருவாங்க. நீங்க ஒரு பத்து நிமிஷம், வெறும் பத்து நிமிஷம், அந்தப் பாடத்தை இங்கிலீஷ்ல நடத்திக் காமிச்சிடுங்க. வாய அடைச்சிடலாம்."

"குழந்தைங்க முன்னாடியா?"

"குழந்தைங்களுக்கு என்ன, மறுநாளே மறந்துடுவாங்க."

மறக்க மாட்டார்கள் என்று அவள் சொன்னாள். ஒரு சேட்டைக்காரப் பையன், முதல் மூன்று மாதம் நீல அறையில் வாயே திறக்காதவன், எப்படிப் பேச ஆரம்பித்தான் என்றும் சொன்னாள். ஒரு நாள் எவனோ அவனைத் தள்ளிவிட்டான். கோள் மூட்ட வேண்டும், டீச்சருக்கோ ஆங்கிலம் புரியாது. அழுதுகொண்டே அங்கொன்றும் இங்கொன்றுமாக வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்து, முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் தமிழில் சொன்னான். அன்றிலிருந்து அவன் வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடு. பிரின்சிபால் பேனாவைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி டீச்சர். ஆனா நீங்க பேசிக் காட்டலேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த வருஷம் நீல அறைல பாட்டும் விளையாட்டும் மட்டும் வச்சுக்கலாம். கணக்கு, அறிவியல் ரெண்டும் இங்கிலீஷுக்குப் போயிடும். நீங்க உதவியாளரா இருந்துக்கலாம்."

உதவியாளர் என்றால் என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். மூக்கைத் துடைத்துவிடுவது, ஷூ லேஸ் கட்டிவிடுவது, கழிவறை வாசலில் நிற்பது. அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் நடத்திய பாடத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது கேவலம். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அவள் கணவன், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"உலகத்துலயே தெரியாதுன்னு சொல்றதுக்காக வேலைக்கு வச்ச ஒரே ஆள் நீதான். இப்ப தெரியும்னு சொல்லுன்னா குதிக்கிற."

"சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"பத்து நிமிஷம் பேசிட்டு வந்துரேன். என்ன குறைஞ்சு போயிடப் போகுது?"

"மஞ்சள் அறை டீச்சர்கிட்ட போயி பத்து நிமிஷம் தமிழ்ல பேசிக் காமின்னு எவனாவது கேட்டானா? நான் மட்டும் ஏன் பரீட்சை எழுதணும்?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "என்ன முடிவு எடுத்தாலும் மூஞ்சிய மட்டும் தூக்கி வச்சுக்காத, வீடு தாங்காது" என்றான். ஆனாலும் அவள் அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தாள். ரோஷம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். பயம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

புதன்கிழமை மதியம் இருபது பெற்றோர்கள் நீல அறையின் பின்பக்கம், ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் நடுவில் இருந்தார். பேசும்போதெல்லாம் கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றுவார் என்பதால் டீச்சர்கள் அவரைச் சாவிக்கொத்து என்பார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறவர், பள்ளி கேட்டைத் தாண்டினால் ஆங்கிலம் தவிர வேறு வராது. அந்த விஷயத்தில் அவருக்கும் இவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருடைய மகள் முதல் வரிசையில் இருந்தாள். மூச்சுக்கு மூன்று கேள்வி கேட்பவள், அதனால் வகுப்பில் எல்லோருக்கும் அவள் கேள்விக்குறி.

பாடம் ஈரத்துணி. காலையிலேயே ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை நனைத்து, ஒன்றை ஜன்னல் கயிற்றில் விரித்தும் இன்னொன்றை நாலாக மடித்தும் போட்டிருந்தாள் டீச்சர். இப்போது குழந்தைகள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். விரித்தது காய்ந்திருந்தது. மடித்ததைப் பிழிந்தால் சொட்டியது.

"ஏன்?" என்றாள் டீச்சர்.

"விரிச்ச துணி மேல காத்து எல்லாப் பக்கமும் படுது டீச்சர்" என்றான் சேட்டைக்காரன். "மடிச்சதுக்குள்ள இருக்குற தண்ணி வெளிய போக வழியில்லாம உக்காந்திருக்கு."

"அப்ப காத்து மட்டும்தான் காரணமா? வெயில் வேண்டாமா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து வழக்கடித்தது. முன்பல் இரண்டும் விழுந்து, அதனால் பல்லழகி என்று பெயர் வாங்கியவள், தங்கள் வீட்டுக் குளியலறையில் வெயிலே வராது, ஆனாலும் துண்டு காய்கிறது என்று ஒரே போடாகப் போட்டாள். பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கதவருகே நின்ற பிரின்சிபால் கைக்கடிகாரத்தைத் தட்டி, அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பத்து நிமிடம். அவள் அறையின் நடுவுக்கு வந்தாள். மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. எதனாலோ குழந்தைகள் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. இருபத்திரண்டு முகமும் அவள் வாயையே பார்த்தன. பல்லழகி சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து அப்பா சாவியைச் சுழற்றிக்கொண்டே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அந்த விரித்த துணியையே எடுத்து ஒரு மூடிய அலமாரிக்குள் தொங்கவிட்டால் என்ன ஆகும், டீச்சர் விளக்குவாரா என்று கேட்டார். விளக்குவாரா என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் கூடுதலாகவே இருந்தது.

நல்ல கேள்வி. அவளுக்கே அது பிடித்திருந்தது. பதிலும் இரண்டு மொழியிலும் நாக்கில் இருந்தது. அவள் பிரின்சிபாலைப் பார்த்தாள், பின்வரிசையைப் பார்த்தாள், கடைசியாகக் குழந்தைகளைப் பார்த்தாள். ஒரு கோபம் கிளம்பி வந்தது. அது வந்தபின் அவளுக்குப் பயமே இல்லை.

"ஐயா என்னமோ கேக்குறாரு, எனக்குப் புரியலையே. யாராவது சொல்றீங்களா?" என்றாள்.

பிரின்சிபால் முகத்தில் ஈயாடவில்லை. கேள்விக்குறி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நான் சொல்றேன் டீச்சர். காத்து போகாத அலமாரிக்குள்ள விரிச்சு மாட்டுனா காயுமான்னு அப்பா கேக்குறாரு."

"நல்ல கேள்வி. நீ என்ன நினைக்கிற?"

"முதல்ல கொஞ்சம் காயும். அப்புறம் அலமாரிக்குள்ள இருக்குற காத்தே ஈரமாயிடும். ஈரக் காத்தால எப்படி டீச்சர் ஈரத்த எடுக்க முடியும்?"

"அதை அப்படியே அப்பாவுக்குச் சொல்லு."

அவள் திரும்பி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதையே ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் சொன்னாள். கூடவே, ஏற்கனவே நனைந்த பஞ்சால் தரையைத் துடைப்பது மாதிரி என்று அங்கே இல்லாத ஓர் உதாரணத்தையும் சேர்த்துக்கொண்டாள். சேட்டைக்காரன் எழுந்து, இவள் சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போச்சு என்று தமிழில் சண்டைக்கு வந்து, அதே மூச்சில் பெற்றோர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் அதைச் சரி செய்தான். அந்த அறையில் பெரியவர்கள் யாருக்குமே மொழிபெயர்ப்பு தேவையில்லை. அப்பாவுக்குத் தமிழ் தெரியும், டீச்சருக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தும் அத்தனை பேரும் வாய் பேசாமல் அந்தப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்கொத்து அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. மகளிடம் ஆங்கிலத்தில், இதெல்லாம் இருக்கட்டும், உன் டீச்சர் வாயில் ஒரு வரி ஆங்கிலமாவது வருமா என்று அவரிடமே கேட்டுச் சொல் என்றார்.

கேள்விக்குறி கொஞ்சம் யோசித்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"துணி ரொம்ப நல்லா காய்ஞ்சிருக்குன்னு அப்பா சொல்றாரு டீச்சர்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அதை இருமலாக மாற்றினார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டது வலித்தது.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லு. அப்படியே அப்பாகிட்ட ஒண்ணு கேளு. மஞ்சள் அறை டீச்சருக்குத் தமிழ் தெரியுமான்னு அவர் என்னைக்காவது கேட்டிருக்காரா? பத்து நிமிஷம் பேசிக் காமிங்கன்னு அவங்களுக்கு யாராவது லெட்டர் எழுதினீங்களா?"

இதை மட்டும் கேள்விக்குறி ஓர் எழுத்துகூட விடாமல் மொழிபெயர்த்தாள். அதுவும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற சத்தத்தில். சாவி சுழல்வது நின்றது.

"அது எப்படிம்மா, அவங்க வேற..." என்று அவர் தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா! இங்கிலீஷ்ல சொல்லுங்க. அப்பத்தான நான் டீச்சர்கிட்ட சொல்ல முடியும்" என்றாள் மகள்.

இந்தத் தடவை சிரிப்பை யாரும் இருமலாக்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் குறுகினார். மணி அடிக்கும் வரை மீதிப் பாடம் தமிழில் நடந்தது.

பாடம் முடிந்ததும் பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. அவளே சாத்தினாள்.

"என் பேச்ச மீறிட்டீங்க டீச்சர்."

"ஆமா சார், மீறினேன்."

"இத நான் எழுத்துல போடணும்."

"போடுங்க. என்னை உதவியாளர் ஆக்கினா கழிவறை வாசல்ல நின்னுக்கிட்டு அங்கயும் தமிழ்லதான் பேசுவேன். ஒவ்வொரு குழந்தையும் என்கிட்ட தமிழ்ல சொன்னாத்தான் உள்ள போக முடியும். அந்தக் குழந்தைங்க இன்னைக்கு செஞ்சத நீங்க பாத்தீங்க. நான் வாயைத் திறந்திருந்தா அது நடந்திருக்குமா? எனக்கு என்ன தெரியும்னு காமிக்கிறதுக்கு நான் இங்க வரல சார்."

அவள் போகட்டுமா என்று கேட்காமலே போய்விட்டாள். பஸ்ஸில் மஞ்சள் அறை டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிரின்சிபாலிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். இனி இப்படி ஓர் ஓப்பன் கிளாஸ் வைத்தால் தானும் பத்து நிமிடம் தமிழில் பேசிக் காட்ட ஆசைப்படுவதாகவும், தன் தமிழ் மூன்று மாடிக்குக் கேட்கும் என்பதால் காதில் வைக்கப் பஞ்சு தேவைப்படும் என்றும் எழுதியிருந்தாளாம்.

வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, குழந்தைகள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அலுவலக உதவியாளர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். கேள்விக்குறிக்கு மட்டும் கார் இன்னும் வரவில்லை. ஜன்னல் கயிற்றிலிருந்து கிளிப்புகளைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் கவரைப் பிரித்தாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பின்னே எதில் இருக்கும்? ஒரு முழுப் பக்கம். கண் தானாகவே முதல் வரிக்குப் போனது, கட்டுப்பாட்டை மீறியது என்ற வார்த்தையில் முட்டி நின்றது. மேலே படிக்க முடியாது, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இங்கிலீஷா டீச்சர்? குடுங்க, நான் படிச்சு சொல்றேன்."

வேறு வழியில்லாமல் கொடுத்தாள். குழந்தை விரலை வைத்து, உதடு அசைய, மேலிருந்து கீழ்வரை படித்தது. ஒரு இடத்தில் மூக்கைச் சுளித்தது. டீச்சர் ஒரு வருடமாகக் காத்திருந்த மாதிரி காத்திருந்தாள்.

"பதினாலு பேர்ல ஒம்பது பேர் கையெழுத்த வாபஸ் வாங்கிட்டாங்களாம். அடுத்த வருஷமும் நீங்க நீல அறையிலதான். கணக்கு, அறிவியல் எல்லாம் இப்ப மாதிரியேதான்."

டீச்சர் பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மேல இன்னும் நிறைய எழுதியிருக்கே, அது என்ன?"

"அது... உங்களுக்கு வணக்கம் சொல்லியிருக்காரு."

"அவ்வளவு நீளமா?"

"ரொம்ப மரியாதையான வணக்கம் டீச்சர்."

கடிதத்தை நாலாக மடித்து டீச்சரின் கைப்பைக்குள் தானே செருகிவிட்டாள் கேள்விக்குறி. பிறகு டீச்சரின் முட்டியில் கை வைத்துக்கொண்டு, குரலை இறக்கிப் பேசினாள்.

"புதன்கிழமை நீங்க எங்க இங்கிலீஷ்ல பேசிடுவீங்களோன்னு நாங்க பயந்தே போயிட்டோம்."

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"போன டேர்ம்ல ஒரு நாள் தபால் ஆபீஸ்ல உங்களப் பாத்தேன் டீச்சர். நானும் எங்க சித்தியும் உங்களுக்குப் பின்னாடி வரிசைல நின்னோம். பார்சல் உடைஞ்சு வந்துச்சுன்னு கவுன்டர்ல இருந்த ஆள்கிட்ட இங்கிலீஷ்ல சண்ட போட்டீங்க. சூப்பரா இருந்துச்சு. மறுநாளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும். பல்லழகி மட்டும் அழுதா. அப்புறம் எல்லாரும் பேசி, யாரும் வெளிய சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம். வீட்லயும் சொல்லக் கூடாது. சொன்னா நீங்க இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் நாங்க உங்களுக்கு எதையுமே சொல்லித் தர முடியாதுல்ல?"

வெளியே ஹாரன் அடித்தது. குழந்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை ஓடி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தது.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே டீச்சர்?"

டீச்சர் மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கினாள்.

"எனக்கா? ஒரு வார்த்தை தெரியாதே" என்றாள்.